ஐந்து மரபு, ஒரு நோட்டு: ஆசியக் கவிதைகளை ஒப்பிட்டுப் படிக்க முழுமையான வழிகாட்டி

சங்கப் பாட்டு, பிராகிருதக் காதை, சீனத்துத் தாங் காலக் கவிதை, ஜப்பானிய ஹைக்கூ, பாரசீக-உருது கஜல். மொழிபெயர்ப்புகளைத் துணைக்கு வைத்துக்கொண்டு இந்த ஐந்தையும் ஒழுங்காக ஒரு சுற்றுப் படிக்க நான்கு மாதம் போதும். எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று. பாதிக் காலம் தப்பான வரிசையில் போனது. பிறகு ஒரு சிறு வாசிப்புக் குழுவில் புதியவர்களோடு இதையே மூன்று முறை செய்தேன். நான் விழுந்த அதே குழிகளில்தான் அவர்களும் விழுந்தார்கள்.

வேலை செய்த வரிசை கீழே இருக்கிறது. ஒப்பிடுவது ஏழாவது படி. எல்லாருக்கும் முதல் நாளே அங்கே போகத்தான் ஆசை, போகாதீர்கள்.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நீள நோட்டு. இடது பக்கம் கவிதைக்கு, வலது பக்கம் உங்கள் குறிப்புக்கு. கைபேசியில் எழுதினால் கருத்து மட்டும் மிஞ்சுகிறது. எந்தச் சொல் எந்த இடத்தில் நின்றது என்பது போய்விடுகிறது. இந்தப் படிப்பில் பாதி, சொல் நிற்கும் இடம்தான்.

ஒவ்வொரு கவிதைக்கும் இரண்டு மொழிபெயர்ப்பு, வெவ்வேறு கைகளில் இருந்து. இரண்டும் ஒத்துப்போகும் வரியை வேகமாகக் கடந்துவிடலாம். முரண்படும் வரியில் மூலத்தில் ஏதோ முடிச்சு இருக்கிறது என்று அர்த்தம். ஒரே மொழிபெயர்ப்பைப் படிப்பவருக்கு முடிச்சு இருப்பதே தெரியாது.

மூலத்தை யாராவது வாசித்த ஒலிப்பதிவு. மொழி புரிய வேண்டியதில்லை. எங்கே நிறுத்துகிறார்கள், எது திரும்ப வருகிறது என்பது காதுக்குத் தெரிந்தால் போதும்.

மரபுக்கு ஐந்து கவிதை, மொத்தம் இருபத்தைந்து. அதற்கு மேல் வேண்டாம். எல்லாம் குறு வடிவமாக இருக்கட்டும்: குறுந்தொகைப் பாட்டுக்கு நான்கு முதல் எட்டு அடி, காதைக்கு இரண்டு வரி, தாங் காலத்து நாலடிக்கு இருபது எழுத்து, ஹைக்கூவுக்குப் பதினேழு அசை, கஜலில் இரண்டு வரி கொண்ட ஷேர். முழுக் கவிதையும் ஒரே பார்வையில் அடங்கினால்தான் நான்காம் படியில் அதைப் பிரித்துப் போட முடியும். காவியங்கள் பிறகு.

இங்கே எல்லாரும் செய்யும் தவறு, பெரிய தொகுப்புகளைப் பதிவிறக்கிக் குவிப்பது. 18-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் தொகுத்த ‘முழுத் தாங் கவிதைகள்’ தொகுப்பில் மட்டும் 48,000-க்கு மேல் கவிதைகள். ஜப்பானின் ‘மன்யோஷூ’வில் சுமார் 4,500. முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்கிறேன் என்று உட்கார்ந்தவர் யாரும் எங்கள் குழுவில் மூன்றாம் வாரத்தைத் தாண்டவில்லை.

## 2. வரிசையை முடிவு செய்யுங்கள்

மூலத்தையே படிக்க முடிகிற மரபில் தொடங்குங்கள். தமிழ் வாசகருக்கு அது சங்கப் பாட்டு. அடுத்து, சாதவாகன அரசர் ஹாலன் தொகுத்ததாகச் சொல்லப்படும் ‘காதா சப்தசதி’: மகாராஷ்டிரி பிராகிருதத்தில் சுமார் எழுநூறு தனிப்பாடல்கள். சங்க அகப்பாடல்களைப் போலவே இவற்றிலும் தலைவி, தோழி, வெளியூர் போன கணவன் எல்லாரும் உண்டு என்பதால் கால் ஊன்ற இடம் கிடைக்கும். மூன்றாவது சீனம், நான்காவது ஜப்பான், ஐந்தாவது கஜல்.

சீனத்துக்கு முன் ஜப்பானுக்குப் போவதுதான் அடிக்கடி பார்க்கும் பிசகு. ஹைக்கூ குட்டி, பிரபலம், தமிழிலும் நிறைய எழுதுகிறார்கள் என்று அதில் ஆரம்பித்துவிடுகிறார்கள். ஆனால் ஹைக்கூக் கவிஞர்கள் சீனக் கவிதையைக் கரைத்துக் குடித்தவர்கள். 757-இல், கலகக்காரர்கள் பிடித்துவிட்ட தலைநகரில் இருந்துகொண்டு தாங் காலக் கவிஞர் து ஃபூ எழுதிய கவிதை ‘நாடு உடைந்தது, மலையும் ஆறும் இருக்கின்றன’ என்று தொடங்கும். ஹைக்கூக் கவிஞர் பாஷோ 1689-இல் வடக்கே நடைப்பயணம் போனபோது, ஹிராய்சுமி என்ற பழைய போர்க்களத்தில் உட்கார்ந்து இந்த வரியை நினைத்து அழுததாக எழுதுகிறார். அதன்பின் வருவதுதான் அவருடைய புகழ்பெற்ற கோடைப்புல் ஹைக்கூ: ‘கோடைப் புல், வீரர்கள் கண்ட கனவில் மிஞ்சியது.’

து ஃபூவைப் படிக்காமல் இதைப் படித்தால் புல் வெறும் புல். படித்துவிட்டு வந்தால், மலையும் ஆறும் இருந்த இடத்தில் பாஷோ புல்லை மட்டும் வைத்திருக்கிறார் என்பது தெரியும்.

கஜலைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் வேறு. சங்கப் பாட்டிலும் காதையிலும் ஒரு கவிதைக்கு ஒரு சூழல் என்று பழகியிருப்போம். கஜல் அந்தப் பழக்கத்தை உடைக்கும். பழக்கம் வந்த பிறகு உடைபட்டால்தான் உடைந்தது தெரியும்.

## 3. முதலில் விதிப் பக்கம், பிறகு கவிதை

ஒவ்வொரு மரபுக்கும் ஒரே ஒரு பக்கத்தில் விதிகளை எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கால வாசகர் கவிதையைக் கேட்கும் முன்பே எவற்றைத் தெரிந்து வைத்திருந்தாரோ, அவை மட்டும். கவிஞர் வரலாறு வேண்டாம். அதில் இறங்கினால் திரும்பி வர மாட்டீர்கள்.

சங்கம். முதல், கரு, உரி: நிலமும் பொழுதும், அங்கே வாழ்பவையும் விளைபவையும், அதற்குரிய உணர்வு. ஐந்து திணை, ஒவ்வொன்றுக்கும் நிலம், பொழுது, பூ, விலங்கு. குறிஞ்சி என்றால் மலை, நள்ளிரவு, கூடல். இது தெரிந்த விஷயம்தானே என்று தமிழ் வாசகர் உரையைத் திறக்காமல் போய்விடுகிறார். எங்கள் குழுவில் தமிழ் இலக்கியம் படித்த ஒருவர் ‘வீ உகு துறுகல்’ என்ற தொடரில் பத்து நிமிடம் நின்றார். வீ என்றால் பூ, துறுகல் என்றால் பாறை. சீனக் கவிதைக்கு அகராதி புரட்டுகிறவர் சங்கப் பாட்டுக்கும் புரட்ட வேண்டும்.

காதை. பேசுவது பெரும்பாலும் கிராமத்துப் பெண். மேலே ஒரு பொருள், அடியில் இன்னொன்று. 9-ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்து ஆனந்தவர்த்தனர் ‘த்வனி’ என்று விளக்கியது இந்த அடிப்பொருளைத்தான். உதாரணங்களில் பலவற்றை இந்த மரபிலிருந்தே எடுத்துக்கொண்டார்.

தாங். ஐந்தெழுத்து வரியில் இரண்டாம் எழுத்துக்குப் பின் ஒரு சின்ன நிறுத்தம்: இரண்டு, மூன்று. எட்டு வரிக் கவிதையில் நடு நான்கு வரிகள் இணை இணையாக வரும். பெயருக்கு எதிரே பெயர், வினைக்கு எதிரே வினை. வழக்கமான குறிகளையும் எழுதிக்கொள்ளுங்கள். வழியனுப்பும்போது அலரி போன்ற ஒரு மரத்தின், அதாவது வில்லோவின், கிளையை ஒடித்துக் கொடுப்பார்கள். அந்த மரத்தின் பெயர் ‘லியூ’. ‘தங்கு’ என்ற சொல்லும் ‘லியூ’. கவிதையில் அந்த மரம் வந்தால் யாரோ பிரிகிறார்கள்.

ஹைக்கூ. பருவத்தைக் காட்டும் பருவச் சொல் ஒன்று, கவிதையை இரண்டாகப் பிரிக்கும் வெட்டுச் சொல் ஒன்று. பருவச் சொற்களுக்கென்றே அகராதிகள் இருக்கின்றன. தவளை வசந்தம். அடைமொழி இல்லாமல் வெறும் ‘நிலா’ என்றாலே இலையுதிர்காலம்.

5-7-5 பற்றி ஒரு வார்த்தை. அது எழுத்துக் கணக்கு என்று நினைத்து எண்ணுபவர்கள் ஏராளம். ஜப்பானியர் எண்ணுவது ஏறத்தாழ நம்முடைய மாத்திரையை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. மெய்யில் மட்டும் வேறுபாடு: நமக்கு அரை, அவர்களுக்குத் தனித்து நிற்கும் ‘ன்’னும் இரட்டிக்கும் ஒற்றும் முழுசாக ஒன்று. ‘நிப்பொன்’ என்பது நி, ப், பொ, ன் என்று நான்கு. மாத்திரை தெரிந்த தமிழருக்கு இது ஐந்து நிமிட வேலை. ‘ஃபு-ரு-இ-கெ-யா’ ஐந்து, ‘க-வ-சு-தொ-பி-கொ-மு’ ஏழு, ‘மி-சு-நொ-ஒ-தொ’ ஐந்து என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்; பாஷோவின் தவளை குளத்தில் குதித்துவிடும்.

கஜல். ஒவ்வொரு ஷேரும் தனி வீடு. எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரிக் கதவு: வரி முடிவில் மாறாமல் திரும்ப வரும் சொல் ரதீஃப், அதற்கு முன் நிற்கும் எதுகை காஃபியா. முதல் ஷேரான மத்லாவில் இரண்டு வரியும் இப்படி முடியும். பிறகு இரண்டாம் வரி மட்டும். கடைசி ஷேரில் கவிஞர் தன் புனைபெயரைச் சொல்லலாம். மெழுகுவர்த்தியும் விட்டிலும், ரோஜாவும் புல்புல்லும், மது ஊற்றுபவர், போட்டிக் காதலன் என்று பாத்திரங்களும் முன்கூட்டியே தயார்.

விதிப் பக்கத்தை எழுதும் முன் கவிதைக்குள் போனால் வழக்கத்தைப் புதுமை என்று மெச்சுவோம். உண்மையான புதுமை கண்ணில் படாது. ரோஜா-புல்புல்லைப் பார்த்து ‘ஆகா, என்ன கற்பனை’ என்று முதல் வாரம் எழுதியவர்கள், ஐந்தாவது கஜலில் அதே ஜோடியைப் பார்த்ததும் அமைதியானார்கள்.

## 4. சொல்லுக்குச் சொல் தாள் போடுங்கள்

மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மூலத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் நேரே ஒரு தமிழ்ச் சொல். இலக்கணத்தைச் சரிசெய்யாதீர்கள். தாங் காலக் கவிஞர் லி பாயின் ‘அமைதியான இரவில் ஒரு நினைவு’ இப்படி இறங்கும்:

படுக்கை – முன் – ஒளிர் – நிலா – வெளிச்சம்
ஐயம் – இது – தரை – மேல் – உறைபனி
தூக்கு – தலை – நோக்கு – ஒளிர் – நிலா
தாழ்த்து – தலை – நினை – பழைய – ஊர்

இருபது எழுத்து. இதில் ‘நான்’ எங்கே? இல்லை. காலம்? அதுவும் இல்லை. நீங்கள் படித்த இரண்டு மொழிபெயர்ப்பிலும் ‘நான் பார்த்தேன்’ என்றிருக்கும். தமிழில் வினைமுற்று வந்துவிட்டால் யார், எப்போது என்று சொல்லியே ஆக வேண்டும். அது மொழிபெயர்ப்பாளரின் குற்றமில்லை. ஆனால் தாள் போட்டுப் பார்த்தவருக்குத்தான் ‘நான்’ இடையில் வந்த விருந்தாளி என்பது தெரியும்.

கடைசி இரண்டு வரியைப் பாருங்கள்: தூக்கு–தலை, தாழ்த்து–தலை. ஏக்கம் என்ற சொல்லே இல்லை. தலை மேலே போய்க் கீழே வருகிறது, அவ்வளவுதான்.

முடிச்சு பற்றி முதல் படியில் சொன்னேன் அல்லவா, அதற்கும் இதுவே உதாரணம். சில மொழிபெயர்ப்புகளில் ‘ஒளிரும் நிலா’, சிலவற்றில் ‘மலைமேல் நிலா’. யாரும் தப்பாகப் பெயர்க்கவில்லை. தாங் காலத்துக்குப் பிந்தைய சோங் காலப் பதிப்புகளில் மூன்றாம் வரியில் ‘மலை நிலா’ என்றே இருக்கிறது. இன்று பள்ளிப் பிள்ளைகள் ஒப்பிக்கும் வடிவம் பிற்காலத்தில் நிலைத்தது. இரண்டு மொழிபெயர்ப்பு மோதும்போது முதலில் பாடபேதத்தைச் சந்தேகியுங்கள், அப்புறம் மொழிபெயர்ப்பாளரை.

இன்னொரு சின்ன இடறல்: உறைபனி. சமவெளியில் வளர்ந்தவர்கள் இதைச் ‘சில்லென்று’ என்று வாசிக்கிறார்கள். இங்கே குளிரை விட வெள்ளைதான் முக்கியம். ஊட்டியில் டிசம்பர் விடிகாலையில் புல்வெளியைப் பார்த்தவருக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்கள் ஒரு படம் பார்த்துவிட்டு வந்து கவிதையைத் தொடருங்கள்.

## 5. யார், யாரிடம், யார் காதில் விழ

ஒவ்வொரு கவிதைக்கும் வலது பக்கத்தில் இந்த மூன்று கேள்விக்கும் பதில் எழுதுங்கள். மூன்றாவது கேள்வியைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். சங்கப் பாட்டும் காதையும் அதில்தான் உயிர் வைத்திருக்கின்றன. இந்தப் படிக்கு மட்டும் இரண்டு வாரம் ஒதுக்கினாலும் நஷ்டமில்லை.

குறுந்தொகை 47:

கருங்கால் வேங்கை வீயுகு துறுகல்
இரும்புலிக் குருளையின் தோன்றும் காட்டிடை
எல்லி வருநர் களவிற்கு
நல்லை யல்லை நெடுவெண் ணிலவே

வேங்கைப் பூ உதிர்ந்து கிடக்கும் பாறை, புலிக்குட்டி மாதிரித் தெரியும் காடு. அந்தக் காட்டு வழியே இரவில் வருகிறவரின் களவுக்கு, அதாவது மறைவான காதலுக்கு, நீ நல்லவள் இல்லை, நெடிய வெண்ணிலாவே.

யார் பேசுகிறார்? தோழி. யாரிடம்? நிலாவிடம். யார் காதில் விழ? பக்கத்தில் வந்து நிற்கும் தலைவன் காதில். ஒருவரை முன்னால் வைத்து இன்னொருவருக்குச் சொல்லும் இந்த உத்திக்கு முன்னிலைப்புறமொழி என்று நம் இலக்கணத்திலேயே பெயர் இருக்கிறது. திட்டு வாங்குவது நிலா. சேதி போவது தலைவனுக்கு: இப்படி ராத்திரியில் வந்துபோவது இனி ஆகாது, வெளிச்சம் காட்டிக் கொடுக்கும், வழியும் பயங்கரம், பெண் கேட்டு வா. வேங்கை பூக்கும் காலம் மணம் முடிக்கும் காலம் என்பதும் மரபு. ஆக, பாறைமேல் உதிர்ந்த பூவும் அதே சேதியைத்தான் சொல்கிறது.

மூன்றாவது கேள்வி இல்லாமல் படித்தால் இது நிலாவைப் பற்றிய அழகான புகார். அங்கேயே நின்றுவிடுவோம்.

இப்போது காதை. கோதாவரிக் கரைப் புதரில் ஒருத்தி காதலனைச் சந்திக்கிறாள். பூப்பறிக்க அங்கே ஒரு பக்திமான் வந்து போகிறார். வழியில் ஒரு நாய்க்கு அவர் பயந்துகொண்டிருந்தார். அவள் அவரிடம் சொல்கிறாள்: ஐயா, இனி தாராளமாக நடமாடுங்கள், அந்த நாயை இன்றைக்குக் கோதாவரிப் புதரில் இருக்கும் சிங்கம் அடித்துவிட்டது.

சொன்னது ‘வாருங்கள்’. கேட்டவருக்குப் புரிவது ‘இந்தப் பக்கமே தலைவைக்காதீர்கள்’. ஆனந்தவர்த்தனர் த்வனிக்கு முதன்மையான உதாரணங்களில் ஒன்றாக இதை எடுத்தார்: சொல்லில் அனுமதி, பொருளில் தடை.

இரண்டையும் நோட்டில் அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள். தோழி பேசும் ஆளும் சேதி சேரும் ஆளும் வேறு வேறு. காதைப் பெண்ணுக்கு இரண்டும் ஒரே ஆள், திரும்புவது பொருள். ‘இரண்டிலும் மறைபொருள்’ என்று ஒரே வரியில் முடித்தால் இந்த வித்தியாசம் பறிபோகும்.

இங்கே இரண்டு எச்சரிக்கை. ஒன்று, ‘தோழி கூற்று’ என்ற குறிப்பைப் பாட்டின் பகுதி என்று எண்ணாதீர்கள். பின்னால் வந்தவர்கள் சேர்த்தது. காதைக்கு உரை எழுதியவர்களும் பேசுபவர் யார் என்பதில் ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போவதில்லை. ஒருமுறை குறிப்பை மறைத்துவிட்டு, நீங்களே பேசுபவரைக் கண்டுபிடியுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, கஜலில் காதலிக்கப்படுவது ஆணா பெண்ணா என்று தேடாதீர்கள். பாரசீகச் சுட்டுப்பெயரில் ஆண்பால் பெண்பால் கிடையாது. உருதுவில் பால் உண்டு, ஆனால் மரபுப்படி ஆண்பாலில் சொல்வார்கள். அது பெண்ணாகவும் இருக்கலாம், ஆணாகவும் இருக்கலாம், இறைவனாகவும் இருக்கலாம். தமிழில் குறிப்பெழுதும்போது ‘காதலி’ என்று போடாமல் ‘அவர்’ என்றோ ‘நீ’ என்றோ வைத்தால் கதவு திறந்தே இருக்கும்.

## 6. சொல்லாததை எங்கிருந்து எடுத்தோம் என்று குறியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்று அடம்பிடித்தால், இதைச் செய்யுங்கள். நல்ல குறுங்கவிதை எல்லா மரபிலும் எதையோ சொல்லாமல் விடும். அதை வாசகர் எங்கிருந்து நிரப்புகிறார் என்பதில்தான் மரபுக்கு மரபு மாறுகிறது.

சங்கத்தில் திணையிலிருந்து எடுக்கிறோம். காதையில் பேச்சு நடக்கும் நிலைமையிலிருந்து. தாங் கவிதையில் இணை வரிகளுக்கு நடுவிலிருந்தும் பழைய நூல்களிலிருந்தும். ஹைக்கூவில் பருவச் சொல்லிலிருந்தும் வெட்டுக்கு இருபுறமும் நிற்கும் இரண்டு காட்சிகளின் இடைவெளியிலிருந்தும். கஜலில் திரும்பத் திரும்ப வரும் சொல்லிலிருந்து.

கடைசியைக் காட்டினால்தான் புரியும். உருதுக் கவிஞர் காலிபின் மத்லா:

ஹஸாரோன் க்வாஹிஷேன் ஐஸீ கெ ஹர் க்வாஹிஷ் பெ தம் நிக்லே
பஹுத் நிக்லே மெரே அர்மான் லேகின் ஃபிர் பீ கம் நிக்லே

ஆயிரம் ஆசைகள், ஒவ்வொன்றுக்கும் உயிர் போகும். என் ஏக்கங்கள் நிறையவே தீர்ந்தன, ஆனாலும் குறைவாகவே தீர்ந்தன. காஃபியா ‘தம்’, ‘கம்’. ரதீஃப் ‘நிக்லே’, அதாவது ‘வெளியே வந்தது’. மூச்சு வெளியே வந்தால் சாவு. ஏக்கம் வெளியே வந்தால் நிறைவு. கணக்குப் பார்த்தால் குறைவாக வெளிவந்தது. மூன்று இடத்திலும் ஒரே சொல்.

அதே கஜலில் இன்னொரு ஷேர்: ஆதாம் சொர்க்கத்தை விட்டு வெளியேறிய கதையைக் கேட்டு வந்திருக்கிறோம்; ஆனால் உன் தெருவை விட்டு நாம் வெளியேறியது இன்னும் மானம்கெட்டு. மறுபடி ‘நிக்லே’. இப்போது அந்தச் சொல்லில் சாவும் நிறைவும் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருக்கின்றன. தெருவை விட்டுப் போவது வெறும் போவதாக இல்லை.

இங்கே புதியவர் செய்வது, ஷேர்களைக் கோத்து ஒரு கதை கட்டுவது. முதல் ஷேரில் ஆசைப்பட்டார், அடுத்ததில் விரட்டினார்கள் என்று. கதை கிடையாது. சொல்தான் பயணம் போகிறது. மொழிபெயர்ப்பில் ‘நிக்லே’ இடத்துக்கு இடம் வேறு சொல்லாகிவிடுவதால் பயணமே காணாமல் போகும். அதனால்தான் ஒலிப்பதிவு வேண்டும் என்றேன். முஷாயிரா என்ற உருதுக் கவியரங்குகளில் முதல் வரியை இரண்டு முறை சொல்லிக் காக்க வைப்பார்கள். இரண்டாம் வரியின் கடைசிச் சொல் சபைக்கு முன்பே தெரியும், அங்கே எப்படி வந்து சேர்வார் என்பதுதான் சுவாரசியம்.

## 7. இப்போது ஒப்பிடுங்கள்

ஒரே பொருள் வரும் மூன்று கவிதைகளை எடுங்கள். நிலாவையே எடுப்போம், குறுந்தொகையும் லி பாயும் நோட்டில் இருக்கின்றன. மூன்றாவதாகப் பாஷோ 1686-இல் எழுதியது: ‘மெய்கெட்சு யா / இகெ ஒ மெகுரிதெ / யொ மொ சுகாரா’. அறுவடை நிலா, குளத்தைச் சுற்றிச் சுற்றி விடிய விடிய.

முதல் நாள் ஒப்பிட்டிருந்தால் என்ன எழுதியிருப்பீர்கள்? ‘மூன்று கவிஞர்களும் நிலாவின் அழகில் மயங்கினர்.’ குழுவில் ஏறக்குறைய எல்லாரும் எழுதிய வாக்கியம் இது. இப்போது ஐந்தாம், ஆறாம் படிக் குறிப்புகளைப் பார்த்து எழுதுங்கள்.

தோழிக்கு நிலா வெளிச்சம் ஓர் இடைஞ்சல். திட்டுவதற்குக் கிடைத்த ஆள். லி பாயில் நிலா இரண்டு ஊருக்கும் பொது. இங்கே தரையில் விழுவது அங்கேயும் விழுகிறது, ஆனால் இதைக் கவிதை சொல்லவில்லை, தலையசைவு சொல்கிறது. பாஷோவுக்கு அது நாட்காட்டியில் குறித்த நிலா, சந்திர மாதக் கணக்கில் எட்டாம் மாதத்து முழுநிலவு, ஊரே பார்க்க உட்காரும் இரவு. அவர் மட்டும் உட்காராமல் நடக்கிறார். ‘யா’ என்ற வெட்டுக்குப் பின் நிலா திரும்ப வரவே இல்லை. குளத்தில் அது தெரிந்ததா என்பதையும் சொல்லவில்லை.

மயக்கம் இருப்பது ஒன்றில்தான்.

ஒப்பீட்டை வேற்றுமையில் தொடங்குங்கள். ஒற்றுமை எப்படியும் கண்ணில் படும். வேற்றுமை தேடினால்தான் வரும். மூன்று வாக்கியம் வேற்றுமைக்கு, அதன்பின் ஒன்று ஒற்றுமைக்கு.

இன்னொன்று: ஒத்திருப்பது வேறு, வாங்கியது வேறு. பாஷோ து ஃபூவிடம் வாங்கினார் என்று சொல்லலாம், அவரே அந்த வரியை எழுதியிருக்கிறார். குறுந்தொகைக்கும் லி பாய்க்கும் அப்படி ஒரு வழித்தடம் இல்லை. சங்கப் பாட்டுக்கும் காதைக்கும் நிலம் பக்கம் பக்கம், ஒற்றுமையும் அதிகம். யார் யாரிடம் எடுத்தார் என்பது ஆய்வாளர்களிடையே வழக்கு. ‘எல்லாம் நம்மிடமிருந்து போனதுதான்’ என்று ஒருவர் ஒவ்வொரு சுற்றிலும் சொல்வார். வழித்தடத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஹைக்கூ தமிழுக்கு வந்ததற்கு அப்படிக் காட்ட முடியும்: 1916-இல் பாரதி சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதியது அச்சில் இருக்கிறது.

## 8. ஒன்றையாவது தமிழாக்கிப் பாருங்கள்

வெளியிட அல்ல, சோதனைக்கு. எங்கே கை நிற்கிறதோ, அங்கேதான் அந்த மரபு நம்மிலிருந்து பிரிகிறது.

லி பாயின் கடைசி இரண்டு வரியில் ‘நான்’ வராமல் எழுத முயலுங்கள். வினைமுற்றைத் தவிர்த்தால் வழி கிடைக்கும்: ‘தலை நிமிர்ந்தால் நிலா, தாழ்ந்தால் ஊர்.’ யார் தலை என்று சொல்லவில்லை. ஆனால் மூலத்தில் இருந்த ‘நினை’ தொலைந்துவிட்டது. இந்த லாப நஷ்டத்தை அப்படியே வலது பக்கத்தில் எழுதுங்கள்.

காலிபின் ‘நிக்லே’க்கு நான் ‘போக’ என்ற சொல்லை வைத்துப் பார்த்தேன். உயிர் போகிறது, சரி. தெருவை விட்டுப் போகிறோம், சரி. ஏக்கம் போனால் தமிழில் அது நிறைவேறியதாகாது, விட்டுப்போனதாகிவிடும். அங்கே நின்றது நின்றதுதான். உங்களுக்கு வேறு சொல் அகப்படலாம்.

## 9. அடுத்த சுற்றுக்கு

ஐந்தும் முடிந்தபின் அதே தாள், அதே கேள்விகளோடு இரண்டு வடிவங்களைச் சேர்க்கலாம். ஒன்று கொரியாவின் சிஜோ: மூன்று நீள வரி, மூன்றாவது வரியின் தொடக்கத்தில் ஒரு திருப்பம். 16-ஆம் நூற்றாண்டின் ஹ்வாங் ஜினி, நீண்ட மார்கழி இரவின் இடுப்பை வெட்டி எடுத்து, வசந்தப் போர்வைக்கடியில் மடித்து வைத்து, காதலர் வரும் இரவில் விரிப்பேன் என்கிறார். பிரிவில் இரவு நீளும் என்று சங்கப் பாட்டு படித்தவருக்குத் தெரியும்; அந்த நீளத்தைச் சேமித்து வைக்கலாம் என்பது புதிது.

மற்றது மலாய் பந்துன். மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்களுக்குப் பள்ளியிலேயே பழக்கம். நான்கு வரியில் முதல் இரண்டுக்கு ‘நிழல்’ என்று பெயர், பின் இரண்டு பொருள். எல்லாருக்கும் தெரிந்த ஒன்று: பொன் வாழைப்பழம் கடற்பயணத்துக்கு எடுத்துப்போனது, பெட்டிமேல் ஒன்று பழுத்தது; பொன் கடன் அடைக்க முடியும், நன்றிக் கடன் சாகும்வரை கூடவரும். வாழைப்பழத்துக்கும் கடனுக்கும் என்ன தொடர்பு என்று ஆறாம் படிக் கேள்வியைக் கேட்டீர்களானால், பதில் முதலில் ஓசையில் கிடைக்கும்: ‘பெர்லாயார்’–‘டிபாயார்’, ‘பெத்தி’–‘மாத்தி’. பிறகு ‘எமாஸ்’ என்ற பொன் இரண்டு பாதியிலும் வருவதைப் பாருங்கள். பழுத்தது கெடும், கடன் கெடாது. பொருளில் ஏற்கெனவே தொடர்பு உண்டா, ஓசை இழுத்து வந்ததா என்று எங்கள் குழுவில் ஒரு மாலை முழுக்கச் சண்டை. நோட்டில் இரண்டு பதிலும் எழுதியிருக்கிறோம்.